பால்மேல் எழுத்து

நாடு கடத்தப்பட்டு அந்தப் பனிக்காட்டுக்கு வந்த கவிஞன் யெவ்சேய் இனி ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது உத்தரவு. அங்கே பாலைத் தட்டில் ஊற்றி வெளியே வைத்தால் கல்லாகிவிடும். அந்தப் பால்கல்லின் மேல் தினமும் ஆணியால் நாலு வரி கீறுவான். அவனுக்கு இடம் கொடுத்திருந்த மாட்டுக்காரி சர்தானா அதை உடைத்துத் தேநீரில் போடுவாள். முதல் கரண்டி அடுப்பு நெருப்புக்கு. அது அவள் இனத்தாரின் வழக்கம். மீதியை இருவரும் குடிப்பார்கள். எழுதியதைக் குடித்துவிட்டுத் தூங்குவதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனை அதிகாரி நுழைந்தார். எழுத்து அகப்பட்டால் இன்னும் வடக்கே தள்ளிவிடுவார்கள். பால்கல்லோ அன்று கீறிய நாலு வரியோடு மேசைமேல் இருந்தது. நல்லவேளை, அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பனி மூடியிருந்தது. அவர் அதைத் துடைப்பதற்குள் சர்தானா பால்கல்லைக் கோடரியால் ஒரே போடில் உடைத்துத் தேநீரில் போட்டாள்.

“குளிர்ல வந்திருக்கீங்க. டீ குடிச்சிட்டுத் தேடுங்கய்யா.”

முதல் கரண்டி நெருப்பில் சீறியது. அதிகாரி இரண்டு கோப்பை குடித்தார். மூலை முடுக்கெல்லாம் கிளறினார். ஒன்றும் இல்லை.

“திருந்திட்டே போலிருக்கு. நல்லது,” என்று யெவ்சேயிடம் சொல்லிவிட்டுச் சறுக்குவண்டியில் ஏறினார். குதிரையைத் தட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். வாசலில் நின்ற யெவ்சேய் காதைத் தீட்டிக்கொண்டான். அது அவனுடைய இரண்டாவது வரி. மூன்றாவதும் வந்தது. நான்காவதில் ஒரு சொல்லை மட்டும் அவர் மாற்றியிருந்தார்.

யெவ்சேய் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அந்தச் சொல்தான் சரி.