நல்ல பாம்பை அறுத்தவள்

"பாம்பு வயித்துல புழு இருக்குதுன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா. நாங்கல்லாம் இத்தினி வருசமா இன்னா, கயிறையா ஆட்டிக்கிட்டு இருந்தோம்?"

நடேசன் இப்படிக் கேட்டதும் பாகூர் கொம்யூன் அலுவலக வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்சவள்ளி சிரிக்கவில்லை. கூடையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடேசன் அவளுக்கு மூத்தார்; செத்துப்போன கணவன் செல்லப்பனின் அண்ணன்.

அந்தப் பாம்பாட்டிக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் ஊர்களைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். ஒருவர் ஊரில் இன்னொருவர் மகுடி ஊதக் கூடாது. பாகூரும் மடுகரையும் செல்லப்பன் பங்கு. அவன் போன பிறகு மகுடியை அம்சவள்ளியே எடுத்தாள். பொம்பளைக்கு எதற்கு ஊர் என்று நடேசன் கிளம்ப, வழக்கு மேர் வரைக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கொம்யூன் என்ற ஊராட்சியின் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்.

மேர் கரும்பு பயிரிடுகிறவர். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பவர். அவர் ஒரு வழி சொன்னார். யாருடைய பாம்பு படத்தை இறக்காமல் அதிக நேரம் நிற்கிறதோ, இரண்டு ஊரும் அவருக்கு. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு விழாவில் வெள்ளைக்காரர்கள் முன்னால் ஆட்டுவதும் அவரே. ஆனால் பாம்பு ஆறு மாதமாவது கூடையில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். போன வருஷ விழாவில் எவனோ அன்றைக்குப் பிடித்த பாம்பைக் கொண்டுவந்து, அது கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு சிப்பாய் மேசை மேல் ஏறி நின்ற கதை ஊருக்கே தெரியும்.

தோற்றால் அம்சவள்ளி மகுடியைக் கொடுத்துவிட்டு நாற்று நடப் போக வேண்டியதுதான்.

நடேசன் அதோடு விடவில்லை. "ஐயா, இவ செத்த நல்ல பாம்பை அறுத்தவ. பால் ஊத்திப் பொதைக்க வேண்டியத கத்தியால கீறினா. கேட்டுப் பாருங்க."

சிரிப்பு நின்றது. மேர் அவளைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா, அறுத்தேன்" என்றாள் அம்சவள்ளி.

கணவன் செத்த வருஷமே அவளிடம் இருந்த இரண்டு பாம்புகளும் அடுத்தடுத்துச் செத்தன. தின்னத்தான் செய்தன, ஆனாலும் முதுகெலும்பு துருத்தும் அளவுக்கு இளைத்தன. கடைசியில் தின்றதையெல்லாம் கக்கின. சாபம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கீறிப் பார்த்தாள். குடலில் வெள்ளை நூல் போலப் புழுக்கள் சிக்கலாகக் கிடந்தன. அடுத்த நாள் பாம்புக்குத் தீனியாகப் போடும் ஏரித் தவளை ஒன்றைக் கீறினாள். அதிலும் புழு.

அதன் பிறகு வந்த பாம்புகளுக்கு அவள் தவளை போடவே இல்லை. பானையில் நெல் போட்டுச் சுண்டெலி வளர்த்து அதையே கொடுத்தாள். எச்சம் விழுந்தால் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, உடனே வைக்கோலோடு எரித்தாள். கூடையை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தாள். புதுப் பாம்பு வந்தால் மூன்று மாதம் தனிக் கூடை. மருந்து என்று எதுவும் இல்லை, புதுப் புழு உள்ளே போக வழி விடவில்லை, அவ்வளவுதான் என்று அவள் சொல்லி முடித்தாள்.

"அடுத்தது பாம்புக்கு அரைஞாண் கட்டுவா" என்றான் நடேசன். "மெலிஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற புடிக்கணும். கொல்லையில பாம்புக்கா பஞ்சம்?"

இருவரும் மகுடியை எடுத்தார்கள். இரண்டு கூடைகளும் திறந்தன.

நடேசனின் பாம்பு நன்றாகத்தான் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் படம் சுருங்கி, தலை கூடை விளிம்பில் சாய்ந்தது. அவன் மகுடியால் ஒரு தட்டு தட்டினான். அது பாதி செரித்த தவளை ஒன்றைக் கக்கிவிட்டுச் சுருண்டு படுத்தது. மேர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

அம்சவள்ளியின் பாம்பு நின்றது. தடித்த உடம்பு, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு, விரித்த படம் விரித்தபடியே. அவளுக்கு மூச்சு முட்டியது. இருந்தாலும் ஊதுவதை நிறுத்த மனம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

போதும் என்று மேரே கையைக் காட்டினார். நடேசன் முகம் கறுத்துப் போயிற்று.

"ஐயா, இது கூடையில வளந்த பாம்பே இல்ல. நேத்து புடிச்சது. கூடையில எந்தப் பாம்பும் இப்புடி தெம்பா இருக்காது, நான் சத்தியம் பண்றேன்" என்றான். "எங்க குடும்பத்துல பாம்பு புடிச்ச அன்னிக்கே வாலடிச் செதில்ல வெட்டு போடுவோம். எனக்கு மூணு வெட்டு, எந் தம்பி வூட்டுக்கு ரெண்டு. எத்தினி சட்டை உரிச்சாலும் தழும்பு போவாது. இதுல ரெண்டு வெட்டு இருக்குதான்னு நீங்களே பாருங்க. இருந்தா நான் இந்தப் பக்கமே தலை காட்டல."

அம்சவள்ளி பாம்பின் வாலைத் திருப்பிப் பிடித்தாள். மேர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு பாம்பின் அருகே குனிந்தார்.

"ரெண்டு இல்லியே" என்றார்.

நடேசன் வெற்றியோடு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு இருக்குது."

"கார்த்திகை மழையில, தேறாதுன்னு கரும்புக் கொல்லையில நீங்க வீசிட்டுப் போனதுதான் மாமா" என்றாள் அம்சவள்ளி. "எட்டு மாசமா எங் கூடையிலதான் வளருது."