பக்கத்து இருக்கைச் சாட்சி

"வருகைப் பதிவு பத்து சதவீதம்கூட இல்ல. எச்சரிக்கையும் கொடுத்தாச்சு. இனி நீக்கம்தான்," என்றார் கல்லூரி எழுத்தர்.

"ஒரு நாள்கூட லீவு போடல சார்!" என்றான் மாணவன்.

"உங்க பேராசிரியர் தலை நிமிராம பேர் வாசிக்கிறவர். ஒரே குரல் அடுத்தடுத்து ரெண்டு தடவை கேட்டா, ரெண்டாவது பேருக்கு ஆப்சென்ட் போட்டுடுவார். நிஜமா வந்திருந்தா, பக்கத்துல உட்கார்ந்தவனைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

இவனுக்கு இருந்தது ஒரே நண்பன். பட்டியலில் இவனுக்கு முந்தின பெயர். விடுதி அறைக்கு ஓடினான்.

"மச்சான், நான் தினமும் வகுப்புல இருந்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுடா."

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் எங்கடா பார்த்தேன்? எனக்கும் சேர்த்து நீதானே 'பிரசன்ட்' சொன்னே!"

வருடம் முழுக்க இவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது இவனுடைய பை மட்டும்தான்.