முதல் பக்கம் வேண்டாம்

"அந்த மனுஷன் எழுதினது மட்டும் வேண்டாம். வேற எதுவா இருந்தாலும் காட்டுங்க!"

புத்தகக் கடைக்காரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்டு வாங்கும் புத்தகம் அது.

"ஏம்மா, அவரோட ஏதாவது மனஸ்தாபமா?"

"இருபது வருஷப் பழக்கம். அதை விடுங்க."

அவள் வாசலையே பார்த்தாள். வெளியே காரில் உட்கார்ந்திருந்த கணவர் ஹாரனை அழுத்தினார். இத்தோடு ஐந்தாவது தடவை.

"யாருக்கும்மா, புள்ளைக்கா?"

"என் வீட்டுக்காரருக்கு. மாடிப்படியில விழுந்து தலையில அடிபட்டுடுச்சு. எங்களை எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. செஞ்ச தொழில்தான் துடைச்ச மாதிரி போயிடுச்சு. முதல்லேர்ந்து கத்துக்கட்டும்னு டாக்டர் சொல்றார்."

ஏற்கெனவே இரண்டு புத்தகம் வாங்கிப் பார்த்தாயிற்று. முதலாவது பத்தாம் பக்கத்தோடு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. இரண்டாவதை மூடி வைத்துவிட்டு, "எனக்கு இது வராது, விட்டுடு" என்று குழந்தை மாதிரி அழுதார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதும் கைவிட்டால் மனுஷன் இனி எதையும் தொடமாட்டார்.

கடைக்காரர் நான்கைந்து புத்தகங்களைப் பரப்பினார். ஒன்று எடுத்த எடுப்பிலேயே கணக்கில் இறங்கியது. இன்னொன்றில் பக்கத்துக்குப் பக்கம் கரடி பொம்மை. கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். தலையணை கனத்தில் ஒன்று. பழைய பதிப்பு ஒன்று. அதில் உள்ளபடி தட்டினால் முதல் வரியிலேயே பிழை காட்டும்.

"நீங்க என்ன சொன்னாலும் அந்த ஒண்ணுதாம்மா சரி. நானே அதைப் படிச்சுத்தான் கடைக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்."

ஆறாவது ஹாரன் அலறியது.

"சரி, குடுங்க. அட்டை தெரியாம பழுப்புத்தாள் ஒட்டிடுங்க."

ஒட்டி முடித்ததும் பணத்தைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு முதல் பக்கத்தைச் சரக்கென்று கிழித்து, மடித்து, கைப்பைக்குள் திணித்தாள்.

"ஐயையோ, என்னம்மா இது!"

"காசு குடுத்தாச்சு இல்ல?"

எழுதினவர் மேல் இவ்வளவு ஆத்திரமா என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

காரில் ஏறி அவள் நீட்டிய புத்தகத்தைக் கணவர் வேண்டா வெறுப்பாக வாங்கினார். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். அவள் கார்ச் சாவிக்காகக் கைப்பையைக் குடைய ஆரம்பித்தாள். சீப்பு வந்தது, மாத்திரை அட்டை வந்தது, சாவி மட்டும் வரவில்லை. பக்கத்தில் தாள் புரளும் சத்தம். அவர் காலாட்டுவது நின்றது.

திடீரென்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதமாகிறது.

"இதைக் கேளேன்! ஒருத்தி சாவியைத் தேடறா. ஒரு டப்பாவைத் திறக்கறா, இல்லை. அடுத்ததைத் திறக்கறா, அதுலயும் இல்லை. கிடைக்கிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் செய்யணும். அதுதான் லூப்பாம்!"

"புரியுதாங்க?"

"நல்லா புரியுதுடி! அப்படியே உன்னை மாதிரியே இருக்கா. யாரு எழுதினது? பேரையே காணோமே. நேர்ல பார்த்தா ஒரு கும்பிடு போடணும்."

கண்ணீர் கண்ணை மறைக்க, அவள் கைப்பையின் அடியைத் துழாவினாள். அகப்பட்ட சாவியோடு கிழித்த பக்கமும் சேர்ந்து வந்தது. மேலே கொட்டை எழுத்தில் அவள் கணவரின் பெயர். அதன் கீழே, பொடி எழுத்தில், 'எந்நேரமும் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் என் மனைவிக்கு.'