மூன்று விநாடித் தீர்ப்பு

"ஒரு வீடியோ பொய்யின்னு கண்டுபிடிக்க உனக்கு எத்தனை விநாடி ஆகும்?" வேலைக்குச் சேர்ந்த அன்று மேலதிகாரி கேட்டார்.

"மூணு, சார்," என்றாள் அமுதவல்லி.

சாகச வீடியோக்களில் முக்கால்வாசி ஏஐ உருவாக்கும் பொய்யாகிப்போன பிறகு, மீட்புப் படை அலுவலகத்தில் அவள் 'நிஜம்' என்று அழுத்தாமல் எந்த மீட்புப் படகும் கிளம்புவதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த வீடியோவில், ஒருவன் கல்குவாரி உச்சியிலிருந்து குட்டிக்கரணம் அடித்துத் தண்ணீரில் விழுந்தான், மேலே வரவில்லை. நிழல் சரியாக இருந்தது. தண்ணீர் தெறித்த விதமும் சரிதான். ஆனால் குதிக்குமுன் அவன் ஆட்டிய கையில் ஆறு விரல்கள். விரல் எண்ணிக்கையில்தான் ஏஐ வழக்கமாகக் கோட்டைவிடும். சிரித்துக்கொண்டே 'பொய்' என்று அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை உடல் மிதந்தது. மதியம் அவன் அப்பா தங்கப்பாண்டி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"கை தப்பா இருந்தா படகு அனுப்பக் கூடாதுங்க ஐயா. அதான் ரூல்," என்றார் மேலதிகாரி.

தங்கப்பாண்டி அமுதவல்லியைத்தான் பார்த்தார்.

"பொறக்கும்போதே அவனுக்கு ஆறு விரலும்மா. டாக்டர் வெட்டிரலாம்னாரு. அதிர்ஷ்டம்னு சொல்லி நாங்கதான் விடல. வெட்டியிருந்தா படகு வந்திருக்குமா தாயி?"

அமுதவல்லி ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

தங்கப்பாண்டி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெளியே போனார்.