முப்பது கிலோமீட்டர் சண்டை

கட்டிலில் போட்ட ஈரத் துண்டில் ஆரம்பித்த சண்டை முற்றிவிட்டது.

“உன் அம்மா வீட்டுக்கே போ! உன் டெலஸ்கோப்பையும் தூக்கிட்டுப் போ!” என்று கத்தினார் கணவர்.

முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் மனைவி. மாலை ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தாள்.

“அங்க மேகம் இருக்கா?”

“என்னது?”

“பத்து நிமிஷத்துல, நெப்டியூனுக்கு அப்பால இருக்கிற குட்டிக் கோள் ஒண்ணு நட்சத்திரத்தை மறைக்குது. எத்தனை வினாடின்னு ரெண்டு இடத்துலேர்ந்து பாத்தாத்தான் அதோட அளவு தெரியும்.”

“இதுக்கா சண்டை போட்டீங்க? சொல்லியிருந்தா சிரிச்சிட்டே வந்திருப்பேனே!”

“சிரிச்சிட்டு வந்தா உங்கம்மா என்னையும் வரச் சொல்லுவாங்க. அப்புறம் இங்க யார் பாக்கிறது?”

அவள் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். நட்சத்திரம் அணைந்து, மறுபடி எரிந்தது.

“அஞ்சு வினாடி! அடுத்தது எப்போ?”

“அடுத்த மாசம்.”

“அப்ப நீங்க உங்கம்மா வீட்டுக்குப் போங்க. சண்டையை நான் ஆரம்பிக்கிறேன்.”