அவள் இல்லாத நேரம்

திரையில் தெரிவது அவள்தான்.

தலை முழுக்க ஒயர்கள். அவற்றைச் சேர்த்துச் சுற்றிய வெள்ளைத் துணி. இதே கட்டில். இதே பச்சைப் போர்வை.

தனக்கு வலிப்பு வருவதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். டாக்டரம்மா தயங்கினார். சிலரால் தாங்க முடிவதில்லை என்றார். பிறகு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

கல்யாணத்துக்கு முன்பே வந்த வியாதி. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சை செய்ய முடியுமாம். அதற்காக மாத்திரையை நிறுத்தி, கேமராவுக்குக் கீழே படுக்கவைத்து, வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

இன்று காலையில் வந்தது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்த பிறகு நடப்பது மட்டும்தான். நாக்கில் ஒரு கசப்பு. நனைந்த ரவிக்கை. கண் தெளியும்போது புருஷன் ஐயாத்துரை தள்ளித்தான் நிற்பான். “இந்தா, தண்ணி குடி” என்பான். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

வேலை பார்க்கும் டயர் கடையில் எப்படியோ, வீட்டில் அவன் பேசுவதே அபூர்வம்.

அருவருப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். யாருக்குத்தான் இருக்காது. கட்டிக்கொண்ட பாவத்துக்கு, கூடவே இருக்கிறான். அதுவே பெரிசு.

திரையில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண் எங்கேயோ நிலைகுத்தியது. வாய், இல்லாத எதையோ மென்றது. விரல்கள் போர்வையைப் பிய்த்தன.

அவளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது அவன் படத்துக்குள் வந்தான்.

மணியை அழுத்தினான். கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். அலைந்துகொண்டிருந்த அவள் கையைப் பிடித்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். தோள் துண்டால் அவள் வாயோரத்தைத் துடைத்தான். ஒயர்களில் படாமல் அவள் நெற்றியோடு தன் கன்னத்தைச் சேர்த்துக்கொண்டான்.

வலிப்பின்போது பேச்சு வருகிறதா என்று பார்க்க டாக்டர் சத்தத்தைக் கூட்டினார்.

அவளிடமிருந்து பேச்சு வரவில்லை.

“கனி... கனிம்மா. நான் இங்கனதான் இருக்கேன். பயப்படாத. மெதுவா வா. அவசரமில்ல, நான் எங்கயும் போவல.”

சண்முகக்கனியை ஊரில் எல்லோரும் சம்முகம் என்பார்கள். அவனுக்கு எப்போதும் ‘இந்தா’தான். கனி என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

நர்ஸ் ஓடி வந்து ஏதோ கேட்டாள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திரையில் அவள் கண் மெல்ல அசைந்தது. அறையைத் தேடியது.

அவன் கையை விட்டான். எழுந்தான். அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

டாக்டர் நிறுத்தினார். எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது என்றார். இன்னும் இரண்டு பதிவாகிவிட்டால் உறுதியாகச் சொல்லிவிடலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு வருவதே இல்லை. உங்களுக்கும் அப்படி ஆகலாம்.

அவள் தலையாட்டினாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

டாக்டர் போன பிறகு ஐயாத்துரை காபி பிளாஸ்கோடு வந்தான். டாக்டரம்மா என்ன சொன்னாவ என்று கேட்டான். ஆபரேஷன் செய்யலாம் போலிருக்கிறது, அதற்கு முன் இன்னும் இரண்டு தடவை வர வேண்டுமாம் என்றாள். காலையில் எடுத்த படத்தைக் காட்டினார்கள் என்றும் சொன்னாள்.

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

“சத்தத்தோடயா?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. பிளாஸ்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்ல. படம் மட்டுந்தான்.”

அவன் மூச்சை விட்டான். காபியை ஆற்றி அவளிடம் நீட்டினான். பிறகு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவள் ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்து படுத்தாள்.

அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினாள்.