கிழக்குப் பக்கத்து வேர்

தீபலட்சுமி மரச்சுத்தியால் தட்டினாள். தூங்குமூஞ்சி மரம் கெட்டியாகவே பதில் சொன்னது. உள்ளே பொந்து இல்லை.

கோளாறு மண்ணில் இருந்தது.

ஒரு வார மழையில் முற்றம் முழுக்கப் புல் மண்டியிருந்தது. மரத்தின் கிழக்கே மட்டும் புல் இல்லை. கம்பியைச் செருகினாள். தடையே இல்லாமல் இறங்கியது.

கையால் தோண்டினாள். தொடைப் பருமன் வேர். ரம்பம் போட்ட வெட்டு, இன்னும் வெள்ளையாக.

மண்ணைத் தள்ளி மூடினாள்.

புயல் இன்று இரவு கடலூரில் கரையேறுகிறது. அப்படியென்றால் அதற்கு வடக்கே, இங்கே ரெட்டியார்பாளையத்தில், கிழக்கேயிருந்து கடல் காற்று. கிழக்கே பிடிப்பு இல்லாத மரம் மேற்கே சாயும்.

முற்றத்துக்கு மேற்கே உள்ள பாதி வீடு மரி-க்ளேருடையது. இடுப்பு எலும்பு முறிந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். மரத்தைச் சோதிக்க வரச்சொல்லி போன் செய்தது அவர்தான். கிழக்குப் பாதி தம்பி கிளமானுக்கு. அக்காவுக்குப் பிறகு முழு வீடும் அவருக்கே.

கிளமான் குடையோடு வந்தார். பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன்காரர், முதுகு வளையவில்லை.

"என்னம்மா, டாக்டரம்மா கணக்கா தட்டித் தட்டிப் பாக்கற? ஜுரம் எதனா இருக்கா?"

"பாத்துக்கிட்டிருக்கேன், முசியே."

"தானே புயலுக்கே அசையாத மரம். அக்காவுக்குப் படுத்த இடத்துல பொழுது போகல, உன்னக் கூப்டுது. பயமில்லன்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு."

அவள் போனைப் பார்த்தாள்.

"புயல் திரும்பிடுச்சி, முசியே. கடலூர் இல்லயாம், நமக்கு வடக்க மரக்காணம். நமக்குக் கடல் காத்து கெடயாது, மேற்கேருந்து தரைக்காத்து. மரம் விழுந்தா உங்க ரூம் மேலதான்."

கிளமான் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அதெப்படி எம்பக்கம் விழும்? அறுந்தது கிழக்கு வேருதான? மேற்கு வேரு இழுத்துப் புடிச்சிக்குமே."

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள். "ஆனா வேரைப் பத்தி நான் இன்னும் எதுவுமே சொல்லலயே."

கிளமான் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

முதலில் மரி-க்ளேரின் கட்டிலை அந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும். ஆள் கூப்பிட தீபலட்சுமி போனைத் திறந்தாள்.

திரையில் புயலின் பாதை காலையில் இருந்தபடியே இருந்தது. கடலூருக்கு நேராக.